டிஹைட்ரேற்றரில் பழமும் மரக்கறியும் உலர்த்துதல்: யாழ்ப்பாண வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் வெயிலுக்குக் குறைவில்லை. ஒடியல், புழுக்கொடியல், பினாட்டு, மோர்மிளகாய், பாவற்காய் வத்தல் எல்லாம் வெயிலை நம்பியே காலங்காலமாகச் செய்யப்படுகின்றன. செத்தல் மிளகாயைக் கிலோக் கணக்கில் காயவைக்க இன்றைக்கும் முற்றத்தை விட நல்ல இடமில்லை. ஆனால் மாம்பழம், வாழைப்பழம், பலாச்சுளை, தக்காளிப்பழம் போன்றவை ஒரு நாள் வெயிலில் காய்ந்து முடிவதில்லை. பகலில் விட்ட ஈரத்தில் ஒரு பங்கை இரவுக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். ஈ மொய்க்கும், புளிக்கும். மாம்பழம் மலிகிற வைகாசி, ஆனியில் சோளகக் காற்று புழுதியை அள்ளிப் போடும். முருங்கையும் கீரையும் தழைக்கிற ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது. டிஹைட்ரேற்றர் என்ற மின் உலர்த்தி வேண்டியிருப்பது இந்த இடங்களில்தான்.

இந்தக் கருவி பழத்தை அவிப்பதில்லை. காற்றைச் சூடாக்கி, அது ஈரம் வாங்கும் திறனைக் கூட்டி, தட்டுகளுக்கு நடுவே ஓடவிடுகிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள காற்றை 57 பாகைக்குச் சூடாக்கினால், அதன் சார்பு ஈரப்பதன் ஏறத்தாழ 20 வீதத்துக்கு இறங்கிவிடும். அதே காற்றை 40 பாகை வரை மட்டும் சூடாக்கினால் 46 வீதத்தில் நின்றுவிடும். கடல் சூழ்ந்த குடாநாட்டில், அதுவும் மாரியில், இந்த வித்தியாசம் பெரியது. கருவியோடு வரும் கைநூலில் போட்டிருக்கும் மணித்தியாலக் கணக்கு உலர்ந்த காற்றுள்ள நாடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. அங்கே 8 மணித்தியாலம் என்றிருப்பது இங்கே மாசியில் 9 ஆகும், கார்த்திகையில் 13 ஆகலாம். அதனால் இந்த வழிகாட்டி முழுவதிலும் மணிக்கூட்டை விடத் தராசை நம்பச் சொல்கிறோம். 1 கிராம் வரை காட்டும் சமையல் தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

கருவியைத் தெரிவு செய்தல்

இரண்டு வகை உண்டு. வட்டத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியிலோ மூடியிலோ விசிறி பூட்டியது ஒன்று. பெட்டி வடிவில், முதுகுப்புறத்தில் விசிறி வைத்து, தட்டுகளை இழுப்பறை போல உள்ளே தள்ளுவது மற்றது. வட்ட அடுக்கு விலை குறைவு. ஆனால் விசிறிக்குக் கிட்ட இருக்கும் தட்டு முதலில் காயும், தூரத்தில் இருப்பது பிந்தும். விசிறி அடியில் இருந்தால் மாம்பழச் சாறு அதற்குள் சொட்டும் வாய்ப்பும் உண்டு. பெட்டி வகையில் எல்லாத் தட்டுக்கும் ஏறத்தாழ ஒரே காற்றுக் கிடைக்கும். நடுத்தட்டுகளைக் கழற்றிவிட்டு மோர்மிளகாய், வடகம் போன்ற உயரமானவற்றையும் வைக்கலாம். வருடத்தில் மாம்பழப் பருவத்தில் மட்டும் பாவிப்பவர்களுக்கு வட்ட அடுக்குப் போதும். தொடர்ந்து செய்பவர்கள் பெட்டியை வாங்குவது நல்லது.

எந்த வகையானாலும் வெப்பநிலையை மாற்றும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள மலிவான கருவியில் முருங்கையிலை கருகும், அல்லது தக்காளி புளிக்கும். இரண்டுக்கும் ஒரே சூடு பொருந்தாது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் கருவிகளில் கவனம் தேவை. கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருபவை 120 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டவை. அவற்றை நம் 230 வோல்ற் பிளக்கில் நேரே செருகினால் சூடாக்கி எரிந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். பல மணித்தியாலம் தொடர்ந்து ஓடுவதால், 500 வாற் கருவிக்கு 500 வாற் ட்ரான்ஸ்போமர் காணாது. 1000 வாற் எடுங்கள். அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. ஏசி மோட்டர் பூட்டிய விசிறி இங்கே சற்று மெதுவாகச் சுழலும், காயும் நேரம் கூடும். இலண்டன், ஐரோப்பாவிலிருந்து வருபவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை, பிளக்கின் வடிவத்தைப் பார்த்தால் போதும். வட அமெரிக்கக் கருவிகளில் அளவு பாரன்ஹைற்றில் இருக்கும்: 105 என்றால் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ், 115 என்றால் 46, 125 என்றால் 52, 135 என்றால் 57, 145 என்றால் 63.

அந்த முகப்பு எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். வெறும் தட்டுகளோடு 57 பாகையில் அரை மணித்தியாலம் ஓடவிட்டு, அடுப்புக்குள் வைக்கும் சிறு வெப்பமானி ஒன்றை மேல், நடு, அடித்தட்டுகளில் மாறி மாறி வைத்துப் பாருங்கள். 5 பாகை வரை வித்தியாசம் காட்டும் கருவிகள் உண்டு. எந்தத் தட்டுச் சூடு, எந்தத் தட்டுக் குளிர் என்று தெரிந்தால், தட்டுகளை எப்படி மாற்றி வைப்பது என்பதும் தெரிந்துவிடும்.

வைக்கும் இடமும் முக்கியம். சோறு கொதிக்கிற, குழம்பு வேகிற குசினிக்குள் வைத்தால் அந்த ஆவியையே திரும்ப இழுக்கும். மழைச் சாரல் படாத விறாந்தை, அல்லது யன்னல் திறந்த அறை நல்லது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சுவர்ப் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். மெல்லிய வயருள்ள நீட்டிப்புப் பலகை இரவு முழுக்க ஓடும் வேலைக்கு ஏற்றதல்ல.

மின்சாரச் செலவைக் கணக்கிடுவது எளிது. வாற் அளவை மணித்தியாலத்தால் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் அலகு வரும். 400 வாற் கருவி 10 மணித்தியாலம் ஓடினால் கூடியது 4 அலகு. சூடு எட்டியதும் சூடாக்கி இடையிடையே நிற்பதால் உண்மையில் அதற்குக் குறைவாகத்தான் எடுக்கும். ஒரு தட்டுக்கு ஓடினாலும் ஐந்து தட்டுக்கு ஓடினாலும் செலவில் பெரிய வித்தியாசம் இராது என்பதால், தட்டுகள் நிறையும் அளவு பழம் சேர்ந்த பிறகே தொடங்குங்கள்.

நிறைக் கணக்கு

தோல், கொட்டை நீக்கி வெட்டிய துண்டுகளை, தட்டில் அடுக்குவதற்கு முன் நிறுத்து எழுதிவையுங்கள். பழம் உலர்ந்து முடியும்போது 15 முதல் 20 வீத ஈரம் மிஞ்சலாம்; மரக்கறியில் 10 வீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இதிலிருந்து, வெட்டிய 1 கிலோ எவ்வளவாகக் குறைய வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். மாம்பழம் 200 முதல் 215 கிராம். வாழைப்பழம் 300 கிராம் அளவில். பலாச்சுளை 310 முதல் 330. பப்பாசிப்பழம் 140 முதல் 150. அன்னாசி 165 முதல் 175. தக்காளிப்பழம் வெறும் 60. பாவற்காய் 65. கரட், பச்சைமிளகாய் 130 அளவில். போஞ்சி 110. முருங்கையிலை 235.

இனத்தையும் பழுத்த பக்குவத்தையும் பொறுத்து இவை பத்தில் ஒரு பங்கு ஏறி இறங்கும். ஆனாலும் 1 கிலோ மாம்பழம் 280 கிராமில் நிற்கிறது என்றால், கைக்கு எவ்வளவு காய்ந்ததுபோல் இருந்தாலும் அது காயவில்லை. போத்தலில் அடைத்தால் மூன்றாம் கிழமை பூஞ்சணம் பிடிக்கும். உப்பிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்தவற்றுக்கு, ஊறவைத்து வடித்த பிறகு நிறுப்பதே சரி.

மாம்பழம்: படிப்படியாக

எல்லாப் பழத்துக்கும் அடிப்படை இதுதான் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறோம்.

கறுத்தக்கொழும்பானும் அம்பலவியும் உலர்த்துவதற்கு அருமையானவை. மணம் உலர்ந்த பிறகும் நிற்கும். சாவகச்சேரிச் சந்தையிலோ திருநெல்வேலியிலோ பெட்டியாக வாங்கும்போது, காம்படியில் அழுத்தினால் இலேசாக இளகும், ஆனால் கத்திக்குக் குழையாத பழமாகப் பொறுக்குங்கள். முழுக்கக் கனிந்தது துண்டாக நில்லாது. அதை, மசித்துத் தாள்போல் காயவைக்கும் ‘பழத்தோல்’ செய்ய ஒதுக்குங்கள். செங்காய் உலர்ந்தால் புளிப்பும் இறுக்கமுமாக வரும். அடிபட்டுக் கறுத்த பகுதியை வெட்டி எறியலாம். பூஞ்சணம் பிடித்த பழத்தை முழுதாகவே விலக்குங்கள்.

1. பழத்தைத் தோலோடு கழுவித் துடையுங்கள். காம்படிப் பால் சதையில் பட்டால் கசக்கும், சிலருக்கு வாயோரம் புண்ணாகும். காம்பை வெட்டிக் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிட்டு, மறுபடி கழுவுங்கள்.

2. தோலைச் சீவி, கொட்டையின் இரு புறமும் கன்னங்களை அரிந்தெடுங்கள். அவற்றை 6 மில்லிமீற்றர் தடிப்புத் துண்டுகளாக வெட்டுங்கள். தடிப்பை விடத் தடிப்பு ஒரே அளவாக இருப்பது முக்கியம். ஒரே தட்டில் 4 மில்லிமீற்றரும் 10 மில்லிமீற்றரும் கலந்தால் ஒன்று சருகாகும்போது மற்றது பச்சையாக இருக்கும்.

3. 1 லீற்றர் குளிர்ந்த நீரில் 1 தேக்கரண்டி சிற்றிக் அமிலம் கரைத்து, துண்டுகளை 10 நிமிடம் அமிழ்த்துங்கள். தேசிக்காய்ச் சாறும் நீரும் சம அளவு கலந்தாலும் சரி. நிறம் கறுக்காது, கிருமிகளைக் கொல்வதற்கும் துணை. மாம்பழத்துக்கு இதை விரும்பினால் செய்யலாம். வாழைப்பழத்துக்குத் தவறவிடக் கூடாது.

4. வடித்து, துணியில் ஒற்றி, நிறுத்து எழுதி, தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அரைச் சென்ரிமீற்றர் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். தட்டில் தேங்காயெண்ணெயை மெல்லத் தடவினால் ஒட்டாது. கூடத் தடவினால் சில மாதத்தில் காறல் மணம் வரும்.

5. கருவியை 5 நிமிடம் முன்கூட்டிச் சூடாக்கி 57 பாகையில் வையுங்கள். மாரிக் காலத்தில் முதல் ஒரு மணித்தியாலம் மட்டும் 63 இல் வைத்துப் பிறகு 57 க்கு இறக்கலாம். அந்த நேரத்தில் துண்டுகளிலிருந்து வேகமாக வெளியேறும் ஈரமே அவற்றைக் குளிர்த்திக்கொண்டிருக்கும் என்பதால் மேற்பரப்பு இறுகாது. அதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

6. 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை தட்டுகளை மேலும் கீழுமாக மாற்றுங்கள். பெட்டி வகையில் முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்புங்கள். 4 அல்லது 5 மணித்தியாலத்தில் துண்டுகளைப் புரட்டுங்கள். மொத்தம் 8 முதல் 12 மணித்தியாலம், மழைக்காலத்தில் அதற்கு மேலும் செல்லும்.

7. 8 ஆம் மணித்தியாலத்திலிருந்து நிறுங்கள். இலக்குக்குக் கிட்ட வந்ததும், வெவ்வேறு தட்டுகளிலிருந்து சில துண்டுகளை எடுத்து அரை மணித்தியாலம் ஆறவிட்டுச் சோதியுங்கள். சூட்டோடு எல்லாமே மென்மையாகத்தான் இருக்கும், அப்போது பார்த்தால் ஏமாறுவீர்கள். ஆறிய துண்டை நடுவே பிய்த்து அழுத்தினால் ஈரம் கசியக் கூடாது. மடித்தால் ஒட்டாமல் விரிய வேண்டும். தோல்வார் போல வளைய வேண்டும், ஒடியக் கூடாது.

இடையில் கரண்ட் போனால் மூடியைத் திறக்காதீர்கள். 2 மணித்தியாலத்துக்குள் வந்தால் அப்படியே தொடரலாம். அதற்கு மேல் போனால், இன்னும் ஈரமாக உள்ள துண்டுகளை அகன்ற பாத்திரத்தில் இட்டு மூடி பிரிட்ஜில் வைத்து, கரண்ட் வந்ததும் தொடருங்கள். புளித்த மணம் எழுந்ததைத் தொடர்ந்து காயவைப்பதில் பயனில்லை.

மற்றப் பழங்கள்

நீர்வேலிப் பக்கத்து வாழைக்குலைகள் ஒரே நேரத்தில் பழுத்து வீட்டில் குவியும்போது இந்தக் கருவியின் அருமை தெரியும். கதலியும் இதரையும் நன்றாக வரும். தோல் முழு மஞ்சளாகி ஓரிரு புள்ளி விழுந்த பழம் சரியான பக்குவம். 5 மில்லிமீற்றர் வட்டமாக வெட்டி, அமில நீரில் 10 நிமிடம் அமிழ்த்தி, 57 பாகையில் 8 முதல் 12 மணித்தியாலம் வையுங்கள். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் 15 க்கு மேல் செல்லும், ஆனால் மெல்ல மெல்ல இனிக்கும் அந்தச் சுவை வட்டத்தில் கிடையாது. கடைகளில் கிடைக்கும் மொறுமொறுப்பான வாழைப்பழச் சிப்ஸ் எண்ணெயில் பொரித்தவை. உலர்த்தியில் அது வராது, இழுபடும் தன்மைதான் வரும். மொந்தன் காயை 3 மில்லிமீற்றராகச் சீவி, மஞ்சளும் உப்பும் கரைத்த நீரில் அமிழ்த்தி, ஒடியும்வரை காயவைத்து அரைத்தால் கஞ்சிக்கு ஏற்ற மா கிடைக்கும்.

தென்மராட்சிப் பலாப்பழத்தில் இறுக்கமான சுளை உள்ளதாகத் தேடுங்கள். கூழாகும் சுளை தட்டில் வழியும். கொட்டையையும் அதைச் சுற்றிய வெள்ளைத் தோலையும் எடுத்து, 1 சென்ரிமீற்றர் கீற்றாக வெட்டி, 57 பாகையில் 10 முதல் 14 மணித்தியாலம். வெட்டும் முன் கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் பூசுவது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பலாவின் மணம் வேறு எதிலும் ஏறும், தனியாகவே ஓட்டுங்கள்.

அன்னாசியை நடுத்தண்டு நீக்கி 6 மில்லிமீற்றராக வெட்டினால் 12 முதல் 16 மணித்தியாலம். பப்பாசிப்பழத்தைச் சற்றுக் காய்ப்பதமாக எடுத்து 8 மில்லிமீற்றராக வெட்டுங்கள். மெல்லிதாக வெட்டினால் தட்டோடு ஒட்டிக் கடதாசி போலாகிவிடும். முந்திரிகைப்பழத்தின் (திராட்சையின்) தோலில் மெழுகுப் படை இருப்பதால் ஈரம் வெளியேறாது. கொதிநீரில் 30 விநாடி முக்கி உடனே குளிர்நீரில் போட்டால் தோல் வெடிக்கும். அதன் பின்னும் ஒரு நாள் முழுக்க எடுக்கும்; பாதியாக வெட்டினால் விரைவு.

கனிந்து குழைந்த மாம்பழத்தில் பழத்தோல் செய்யலாம். பினாட்டுச் செய்யத் தெரிந்த கைக்கு இது புதிதல்ல. 2 கோப்பை சதையை மசித்து நாரை வடித்து, 2 தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு சேர்த்து, அடுப்பில் கிளறிச் சூடாக்குங்கள். 71 பாகையைத் தொட வேண்டும்; வெப்பமானி இல்லையென்றால் குமிழி எழத் தொடங்கும்வரை வைத்தால் அதைத் தாண்டிவிடும். உலர்த்தியின் மிதமான சூடு கிருமிகளைக் கொல்லப் போதாததால் இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம். கருவியோடு வரும் துளையற்ற தட்டில் மெல்ல எண்ணெய் தடவி ஊற்றி, நடுவில் 3 மில்லிமீற்றரும் ஓரத்தில் 6 மில்லிமீற்றருமாகப் பரப்புங்கள். ஓரம் முதலில் காய்ந்து நொறுங்கும் என்பதால்தான் இந்த வித்தியாசம். 60 பாகையில் 6 முதல் 8 மணித்தியாலம். நடுவில் விரல் வைத்தால் பதியக் கூடாது. வெதுவெதுப்பாக இருக்கும்போதே உரித்துச் சுருட்டுங்கள். சீனி சேர்த்தால் ஒட்டும் தன்மை கூடும். கறுத்தக்கொழும்பானுக்கு அது தேவையே இல்லை.

மரக்கறியும் இலைவகையும்

மரக்கறியில் பலர் விடும் படி, கொதிநீரில் முக்கி எடுப்பது. காய்க்குள் இருக்கும் நொதியங்கள் உலர்ந்த பிறகும் மெல்ல வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். கொதி அவற்றை நிறுத்திவிடும். திரும்ப ஊறவைக்கும்போதும் காய் விரைவில் இளகும். கரட் 3 முதல் 4 நிமிடம், போஞ்சியும் பயற்றங்காயும் 2 முதல் 3, கோவா 2, கத்தரிக்காய் 3. நீர் மறுபடி கொதித்த கணத்திலிருந்து எண்ணுங்கள். எடுத்ததும் ஐஸ் நீரில் போட்டு வடித்து, துணியில் ஒற்றுங்கள். வெங்காயம், உள்ளி, மிளகாய், தக்காளிப்பழம், வெண்டிக்காய் ஆகியவற்றுக்கு இது வேண்டாம். பிறகு எல்லாமே 52 முதல் 57 பாகையில், ஒடியும்வரை.

பாவற்காய்க்கு ஊர் முறையே சிறந்தது. 4 மில்லிமீற்றர் வளையமாக வெட்டி, 1 கிலோவுக்கு 1 மேசைக்கரண்டி உப்பும் 1 தேக்கரண்டி மஞ்சளும் பிரட்டி, ஒரு மணித்தியாலம் வைத்து, விட்ட நீரைப் பிழிந்து 55 பாகையில் 7 முதல் 9 மணித்தியாலம். மோர்மிளகாயையும் அப்படியே செய்யலாம். கீறி, உப்பிட்ட தயிரில் இரண்டு நாள் பிரிட்ஜில் ஊறவைத்து, வடித்து, 57 பாகையில் 12 மணித்தியாலத்துக்கு மேல். வெயிலில் செய்யும்போது பகலில் காயவைத்து இரவில் மோரிலேயே திரும்பப் போடுவதால் ஏறும் புளிப்பு இதில் சற்றுக் குறைவுதான். மாரியில் வேறு வழியில்லாதபோது செய்யுங்கள். மிளகாய் எதைக் காயவைத்தாலும் கருவியை வெளி விறாந்தையில் வையுங்கள். அந்தக் காரக் காற்று அறைக்குள் நின்றால் இருமலும் கண்ணெரிச்சலும் தாங்காது, குழந்தைகள் உள்ள வீட்டில் சொல்லவே வேண்டாம்.

சின்ன வெங்காயத்தை 4 மில்லிமீற்றராக அரிந்து 57 பாகையில் 8 முதல் 10 மணித்தியாலம். சுன்னாகத்திலும் மருதனார்மடத்திலும் விலை விழும் கிழமையில் வாங்கிச் செய்து வைத்தால், விலை ஏறும்போது பொடித்துக் கறிக்குப் போடலாம். பழத்தோடு ஒன்றாக ஓட்டக் கூடாது. தக்காளிப்பழத்தை 8 மில்லிமீற்றராக வெட்டி, வெட்டு முகம் மேலே பார்க்க வைத்து, 60 பாகையில் 10 முதல் 14 மணித்தியாலம். ஒடியும் பதத்துக்கு வந்ததும் அரைத்த தூள் ரசத்துக்கு அருமை. அரைகுறையாகக் காய்ந்த தக்காளியை எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைப்பது ஆபத்து. காற்றில்லாத எண்ணெய்க்குள், பொற்றுலிசம் என்ற கடும் உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளரலாம். எண்ணெயில் இட்டால் பிரிட்ஜில் வைத்துச் சில நாளில் முடித்துவிடுங்கள்.

முருங்கையிலை, கறிவேப்பிலை, பங்குனி சித்திரையில் உதிரும் வேப்பம்பூ ஆகியவற்றுக்குச் சூடு கூடாது. 40 பாகை போதும், மழைநாளில் 45. 3 முதல் 6 மணித்தியாலத்தில் கையில் நொறுங்கும். இலை இலேசானதால் விசிறிக் காற்றில் பறந்து சூடாக்கியில் விழலாம். மேலே ஒரு வலைத்தட்டைக் கவிழ்த்து வையுங்கள். கழுவிய ஈரத்தோடு போடாமல், துணியில் பரப்பி மேலீரம் போனபிறகு போடுங்கள்.

போத்தலில் அடைப்பது வரை வேலை முடிவதில்லை

கருவியை நிறுத்தியதும் அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்து அடைத்துவிட வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்க்கும். இரவு முழுக்கத் தட்டில் விட்டால் நம் காற்றே ஈரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். இரவில் முடியும்படி தொடங்காதீர்கள்; மாலையில் தொடங்கினால் காலையில் ஆறுதலாகப் பார்த்து எடுக்கலாம்.

பழங்களைக் கண்ணாடிப் போத்தலில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, மூடி, 7 முதல் 10 நாள் தினமும் குலுக்குங்கள். சில துண்டில் மிஞ்சிய ஈரம் மற்றவற்றுக்குப் பகிர்ந்து சமமாகும். கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு துளி ஈரம் தெரிந்தாலும் முழுவதையும் திரும்ப 2 மணித்தியாலம் ஓட்டுங்கள். இந்தக் கிழமைக் காவலைத் தவறவிடுவதே பூஞ்சணத்துக்கு முதற் காரணம். மரக்கறி ஒடியும் பதத்தில் இருப்பதால் அதற்கு இது தேவையில்லை.

வெயிலில் தொடங்கிக் கருவியில் முடித்தவற்றில் பூச்சி முட்டை இருக்கலாம். உறைபெட்டியில் −18 பாகையில் 48 மணித்தியாலம் வைத்தெடுத்து, போத்தலைத் திறக்காமலேயே அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த துண்டில் காற்றின் ஈரம் படியும்.

பெரிய போத்தல் ஒன்றை விடச் சிறியவை பல நல்லது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரக் காற்று புகும். உணவுக்குரிய சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே போடலாம். பிராணவாயுவை உறிஞ்சும் பொட்டலத்தை ஒடியும் மரக்கறிக்கு மட்டும் பாவியுங்கள்; ஈரம் மிஞ்சிய பழத்தோடு சேர்த்து அடைத்தால் அதே பொற்றுலிசம் ஆபத்து. வெளிச்சம் படாத அலுமாரியில், பெயரும் திகதியும் நிறையும் எழுதி வையுங்கள். 27 பாகை அளவில் பழம் 6 மாதம், மரக்கறி அதில் பாதி என்று கொள்ளுங்கள். நம் வீடுகளில் அதை விடச் சூடு கூடுமென்பதால், பிரிட்ஜில் இடமிருந்தால் அங்கேயே வையுங்கள்.

என்ன பிழைக்கிறது, ஏன்

வெளியே இறுக்கம், உள்ளே ஈரம்: சூடு கூடிவிட்டது. விரைவாக முடிய வேண்டுமென்று 70 பாகைக்கு ஏற்றினால் மேற்பரப்பு ஓடுபோலாகி உள்ளீரத்தை அடைத்துவிடும். தராசில் பார்த்தால் நிறை குறையாமல் நிற்கும். துண்டுகளை இரண்டாக வெட்டி 52 பாகையில் தொடர்ந்தால் ஓரளவு மீட்கலாம்.

12 மணித்தியாலம் ஓடியும் ஈரம்: தட்டில் நெருக்கமாக அடுக்கியது, காற்று வெளியேறும் துவாரம் சுவரோடு ஒட்டியது, அல்லது பாதி காய்ந்த தட்டுகளோடு புதுப்பழத்தைச் சேர்த்தது. கடைசியாகச் சொன்னது அடிக்கடி நடக்கிறது. புதுப்பழம் விடும் ஈரத்தைக் காய்ந்தது குடித்துவிடும்.

வாழைப்பழம் கறுத்தது: அமில நீர் காணாது, அல்லது வெட்டியதைக் காற்றில் நெடுநேரம் வைத்தது. சாப்பிடக் கேடில்லை.

வைக்கோல் மணம் வரும் கரட், போஞ்சி: கொதிநீரில் முக்கவில்லை.

பூஞ்சணம்: ஒரு துண்டில் கண்டாலும் முழுப் போத்தலையும் எறியுங்கள். கண்ட இடத்தை மட்டும் வெட்டுவது போதாது. மிளகாய், தேங்காய் போன்றவற்றில் பிடிக்கும் சில பூஞ்சணங்கள் அஃப்ளரொக்சின் என்ற நஞ்சை விடும், அது பொரித்தாலும் வறுத்தாலும் முற்றாக அழியாது.

சமைக்கும்போதும் கழுவும்போதும்

மரக்கறி 1 கோப்பைக்கு 2 கோப்பை நீர். வெந்நீரில் அரை மணித்தியாலம், குளிர்நீரில் ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஊற வேண்டுமானால் பிரிட்ஜில். உப்பை ஊறிய பிறகே போடுங்கள், முன்பே போட்டால் காய் நீரை மெதுவாகத்தான் இழுக்கும். ஊறிய நீரைக் கொட்டாமல் குழம்புக்கே விடுங்கள். பாவற்காய் வத்தலும் மோர்மிளகாயும் ஊறவைக்காமல் நேரே எண்ணெய்க்கு.

தட்டுகளை முடிந்த கையோடு வெந்நீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, மென்மையான தூரிகையால் தேயுங்கள். காய்ந்த பழச்சீனி மூலைகளில் நின்றால் எறும்பு வரும், அடுத்த தடவை கருகும். விசிறியுள்ள அடிப்பகுதியை நீரில் நனைக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். விசிறி இறகில் சேரும் தூசியைச் சிறு தூரிகையால் எடுத்து, தட்டுகள் முற்றாகக் காய்ந்தபிறகு அடுக்கி மூடிவையுங்கள்.